வீட்டு அப்பா

சீனக் கையுறைகளுக்கு அமெரிக்கா வரியை ஏற்றியது என்று தெரிந்த அன்று, மலேசியாவின் ஈப்போவுக்கு வெளியே இருந்த கையுறைத் தொழிற்சாலையில் ஆளுக்கொரு பொட்டலம் பிரியாணி கொடுத்தார்கள். எஸ்டேட்டு ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு எழுப்பிய தொழிற்சாலை அது. ரப்பர் பால் மட்டும் தாய்லாந்திலிருந்து வரும். உலகத்தின் கிறுக்குத்தனத்துக்கு யாரைக் குறை சொல்ல?

"இனி ஓர்டரெல்லாம் நம்ம பக்கந்தான் லா. பாய்லருக்கு ஆளு வேணும். உன் வீட்டுக்காரர வரச் சொல்லு," என்றார் சூப்பர்வைசர் பத்துமலை.

பேக்கிங்கில் இருந்த தினேஸ்வரிக்குக் கால் தரையில் பாவவில்லை. கணவன் சுகுமாரன் சிங்கப்பூரில் பாய்லர் பார்க்கிறான். மூன்று வயது லோஷினி அப்பாவைப் போனில்தான் அறிவாள். சாப்பாட்டு நேரத்திலேயே அவனைப் போனில் கூப்பிட்டுவிட்டாள் தினேஸ்வரி.

"சம்பளம் கொறையும்லா," என்று இழுத்தான் அவன்.

"கொறைஞ்சா கொறையட்டும். புள்ள ஒங்கள போன்லயே பாத்து வளரணுமா? வந்துடுங்க."

வந்தான். ஈப்போ புந்தோங்கில் இருந்த வீட்டு வாசலில் பையோடு நின்றவனைப் பார்த்துக் குழந்தை வீறிட்டது. அவன் கெஞ்சிய கெஞ்சலெல்லாம் எடுபடவில்லை. சில நாளில் லோஷினியே ஒரு முடிவுக்கு வந்தாள்: போனில் வந்தவர் போன் அப்பா, இவர் வீட்டு அப்பா. வீட்டு அப்பா மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போவார், ரொட்டி சானாயைப் பிய்த்து ஊட்டுவார். போகப் போக அவன் நெஞ்சில் படுத்தால்தான் தூக்கம் என்றானது. அக்கம்பக்கமெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்தாள் தினேஸ்வரி. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

ஓர்டர் வந்தது, வந்த வேகத்தில் நின்றது. மலேசியச் சரக்குக்கும் வரி விழுந்தது. சீனக்காரர்கள் வியட்நாமில் தொழிற்சாலை திறக்க, வாங்குகிறவர்கள் அங்கே போய்விட்டார்கள். முதலில் பாய்லரை அணைத்தார்கள், பிறகு கேட்டைப் பூட்டினார்கள். பத்துமலை அவள் முகத்தைப் பார்க்காமலே போனார். சிங்கப்பூரில் பழைய இடத்தில் வேறு ஆள். சுகுமாரனுக்கு அங்கே கிடைத்தது கழுவித் துடைக்கிற வேலைதான்.

"நாந்தானே ஒங்கள வரச் சொன்னேன்," என்று பஸ் நிலையத்தில் அழுதாள்.

"வராம இருந்திருந்தா இவ என் நெஞ்சுல படுத்திருப்பாளா?" என்றபடி, தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை அவள் தோளுக்கு மாற்றினான். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. நெஞ்சை அறுத்தது.

லோஷினி எழுந்ததிலிருந்து வீடெல்லாம் தேடினாள். மறுநாள் சாயங்காலம் போன் அடித்தது. ஓடிவந்து பிடுங்கினாள். திரையில் சுகுமாரன்.

"போன் அப்பா!"

முகமெல்லாம் பூரிப்பு. அடுத்த கணம் உதடு பிதுங்கியது.

"வீட்டு அப்பாவக் காணோம். நீங்க பாத்தீங்களா?"



"பாத்தா... வரச் சொல்றேம்மா," என்றான் சுகுமாரன்.