அழகம்மாள் வீட்டுக் கொல்லைக்கு வந்த கடல்

தை அமாவாசையன்று காலை ஒன்பது நாற்பதுக்கு, கந்தர்வக்கோட்டைக்கு வடக்கே முந்திரித் தோப்புக் காவல்காரன் ராக்கனின் வீட்டுக் கொல்லைக்குள் கடல் வந்தது. இடுப்பளவு ஆழம். பகல் ஒன்று பத்துக்குத் திரும்பிப் போனது. அன்று சந்தையில் தக்காளி கிலோ முப்பது ரூபாய். இரண்டு சேதியையும் ஊர் ஒரே குரலில்தான் பேசியது.

கொல்லையைச் சுற்றிப் பனைமட்டை வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் கால் வைத்தால் புழுதி பறக்கும் செம்மண், அந்தப் பக்கம் பச்சையும் நீலமுமாகத் தண்ணீர், சின்னச் சின்ன அலைகூட உண்டு. மட்டைகளுக்கு நடுவே ஒரு முழங்கை நுழையும் சந்து இருந்தும் ஒரு சொட்டு வெளியே கசியவில்லை. பக்கத்து வீட்டு ஆடு சந்து வழியே தலையை விட்டு ஒரு வாய் குடித்துப் பார்த்து, தும்மிவிட்டுப் போனது. மூலையில் நின்ற முந்திரி மரம் மூன்றரை மணி நேரம் உப்புத் தண்ணீரில் நின்றும் ஓர் இலையை உதிர்க்கவில்லை. விவசாயம் படித்த ஒருவர் அது சாத்தியமில்லை என்றார். மரம் படிக்கவில்லை.

கடல் வந்த காரணம் ஊருக்குத் தெரியாது, ராக்கனுக்குத் தெரியும். அவனும் மனைவி அழகம்மாளும் கோட்டைப்பட்டினத்துக்காரர்கள். அவன் விசைப்படகில் இருபது வருடம் போனவன். ஒருநாள் வலை இழுக்கும் வின்ச் கயிறு வலது காலைச் சுற்றி இழுத்ததில், கால் மூன்று இடத்தில் முறிந்து, கூடியும் கூடாமலும் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே, தண்ணி கண்ணில் படாத இடத்தில் ஒரு வேலை வேண்டும் என்றான். கிடைத்தது முந்திரிக் காவல். அழகம்மாள் பன்னிரண்டு வயதிலிருந்து கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், முப்பது வருடம். ஐப்பசியில் புருஷனோடு கந்தர்வக்கோட்டைக்கு வந்தாள். கார்த்திகையில் ஒருநாள் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே, கோபமில்லாமல் சொன்னாள்.

“தை அமாவாசை வரைக்கும் பாக்குறேன். கை சும்மா கெடக்குது, எனக்கு ஒறக்கம் புடிக்கல. முடியலைன்னா நான் ஊருக்குப் போயிருவேன். நீங்க முந்திரியக் காத்துக்கிட்டு இருங்க.”

“நான் அங்கிட்டு வர மாட்டேன்.”

“வாங்கன்னு யாரு கூப்புட்டா?”

அவள் சொன்னால் சொன்னதுதான் என்பது கடலுக்கும் தெரிந்திருக்க வேண்டும். சொன்ன தேதிக்கு அதுவே வந்துவிட்டது. அழகம்மாள் ஆச்சரியப்படவில்லை. சேலைக்கு மேல் ராக்கனின் பழைய சட்டையைப் போட்டாள், விரல்களில் துணிக் கிழிசலைச் சுற்றினாள், மூழ்கும்போது போடும் தண்ணிக்கண்ணாடியை மாட்டி, இடுப்பில் வலைப்பையைக் கட்டி இறங்கினாள். அடியில் நேற்றுவரை இல்லாத பாறைகள், பாறை நிறையக் கஞ்சிப்பாசி. வேரை விட்டுவிட்டு மேலே ஒரு சாண் மட்டும் கிள்ளினாள். பாறையைப் பற்றிய அடி தங்கினால் இரண்டு மாதத்தில் மறுபடி வளரும், பிடுங்கினால் பாறை மொட்டை. ராக்கன் முன்வாசலில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மூன்றரை மணி நேரமும் கொல்லைப் பக்கம் திரும்பவில்லை. ஒரே ஒரு தடவை, “மீனு கீனு இருக்கா?” என்று ரோட்டிடம் கேட்டான்.

அதன்பின் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் தவறாமல் வந்தது. இப்படி நேரம் தவறாத ஒன்று அந்த ரூட்டில் வேறு கிடையாது. பாசியை முந்திரிச் சருகின் மேல் காயவைத்து, பஸ்ஸில் கோட்டைப்பட்டினத்துக்கு அனுப்பினாள் அழகம்மாள். அங்கே அவள் தோழி ஜெய்னம்பு, அதை வேகவைத்து வடித்து, பாலும் சீனியும் சேர்த்து உறையவிட்டு, துண்டு போட்டு நோன்பு திறக்கக் கொடுப்பவள். அவள் போனில் தீர்ப்புச் சொன்னாள்: “நம்ம கடப்பாசிதான்டி, சந்தேகமே இல்ல. லேசா முந்திரி வாசம் அடிக்குது. புள்ளைக ரெண்டாந்தரம் கேட்டு வாங்குதுக.”

சேதி பரவியதும் ஓர் அலுவலகத்திலிருந்து வந்து பார்த்து, கடல் தங்கள் பொறுப்புதான், ஆனால் கொல்லை தங்கள் பொறுப்பில்லை என்றார்கள். இன்னோர் அலுவலகத்திலிருந்து வந்து, கொல்லை தங்கள் பொறுப்புதான், கடல் இல்லை என்றார்கள். இரண்டு ஜீப்பும் டீக்கடையில் சந்தித்துக்கொண்டதாகவும், வடை நன்றாக இருந்ததாகவும் தெரிகிறது.

பொறுப்பெடுக்க முன்வந்தவர் செம்மல் ஒருவர்தான். அவர் ஒட்டுமொத்த மக்கள் எழுச்சி வளர்ச்சி மன்றத்தின் நிறுவனத் தலைவர். மன்றத்தில் உறுப்பினர்கள் நான்கு பேர், அதில் மூவர் அவருடைய மச்சான்கள். கடல் வந்த மூன்றாம் மாதம், அவர் கையில் தொலைநோக்கியும் முதுகுக்குப் பின்னால் கப்பலுமாக நிற்கும் இருபதடி ஃபிளெக்ஸ் பேனர் ராக்கன் வீட்டு முந்திரி மரத்தில் ஏறியது. கந்தர்வக்கோட்டைக்குக் கடல் கொண்டுவந்த மாவீரன் என்று அதில் எழுதியிருந்தது. முதலில் துறைமுகம் கேட்டார், பிறகு கலங்கரை விளக்கம். சித்திரா பௌர்ணமிக்குக் கடல் பெருவிழா என்று அறிவித்தார். கொல்லைக்கு நடுவே மேடை போட்டால் தண்ணீர் வந்ததும் தீவு மாதிரி இருக்கும் என்பது அவர் யோசனை.

சித்திரை பிறந்தால் நாற்பத்தைந்து நாள் பாசிக்கு அடைப்பு. அது எந்த அலுவலகமும் போட்ட உத்தரவு இல்லை, கோட்டைப்பட்டினத்துப் பாசிக்காரப் பெண்கள் தங்களுக்குத் தாங்களே போட்டது. பாசி விதை விடும் காலம் என்பதால் அந்த நாட்களில் எவளும் பாசித் தண்ணீரில் கால் நனைப்பதில்லை. அழகம்மாள் இதைச் சொன்னபோது செம்மல் பெருந்தன்மையோடு சிரித்தார்.

“அம்மா, அது அங்க உள்ள கடலுக்கு. இது நம்ம தொகுதிக் கடல்.”

பௌர்ணமியன்று ஒன்பது நாற்பதுக்குக் கடல் வந்தது. மேடை தீவானது. செம்மல் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு போட்டோவுக்காக இறங்கினார், மச்சான்களும் இறங்கினார்கள். கைக்குக் கிடைத்த பாசியைக் கொத்தோடு பிடுங்கினார்கள். அழகம்மாள் பின்வாசற்படியில் நின்று கத்தினாள்.

“ஐயா, வேர விட்டுட்டுக் கிள்ளுங்கய்யா!”

“வேரோட எடுத்தாத்தாம்மா போட்டோல நீளமாத் தெரியும்!”

அவர் நின்ற இடம் படியிலிருந்து நாலெட்டு. அழகம்மாள் ஓரெட்டுகூட எடுத்து வைக்கவில்லை. அடைப்பு நாளில் தண்ணீரில் கால் வைப்பது அவளுக்கு நெருப்பில் கால் வைப்பது. போட்டோ முடிந்ததும் செம்மல் பாசியை மரத்தடித் தண்ணீரில் எறிந்துவிட்டு மேடையேறி மைக்கைப் பிடித்தார். அவர் பேச ஆரம்பித்தால் கடிகாரம் பார்ப்பதில்லை. கடல் பார்த்தது. ஒன்று பத்துக்கு, அவர் கடற்படைத் தளம் கேட்டுக்கொண்டிருந்தபோது, வழக்கம்போலத் திரும்பிப் போனது. மேடையும் பன்னிரண்டு நாற்காலிகளும் மன்றத்தின் முழு நிர்வாகக் குழுவும் கூடவே போயின. சற்று நேரத்தில் எல்லாம் கோட்டைப்பட்டினம் ஜெட்டியோரம் ஒதுங்கின. வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்து, “என்ன கட்சிங்க?” என்று கேட்டார்கள். மாலையும் கழுத்துமாக அறந்தாங்கியில் ஒரு பஸ், புதுக்கோட்டையில் ஒரு பஸ் மாறி வந்து சேர்ந்த செம்மல், அது ஏற்கெனவே திட்டமிட்ட கள ஆய்வு என்று அறிக்கை விட்டார்.

அடுத்த அமாவாசைக்குக் கடல் வரவில்லை. வைகாசி பௌர்ணமிக்கும் இல்லை. அடைப்பு முடியட்டும் என்றாள் அழகம்மாள். முடிந்து, ஆனி அமாவாசையும் வந்தது. விரலில் துணி சுற்றிக்கொண்டு பின்வாசலில் பகல் ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தாள். கொல்லையில் கோழி மேய்ந்தது. முன்வாசலிலிருந்து ராக்கன் குரல் கொடுத்தான்.

“அன்னைக்கே ரெண்டெட்டு எறங்கி அந்தாளு கையத் தட்டிவிட்டிருக்கலாம்ல புள்ள?”

“அடைப்பு நாள்ல எறங்கக் கூடாது.”

“இப்பப் பாரு, ஒண்ணுமில்லாமப் போச்சு.”

“ஆமா. நீங்கதான் இந்தப் பக்கம் திரும்பியே பாக்கலையே, ஒங்களுக்கு என்ன போச்சு?”

மூன்று மணி பஸ்ஸில் வலைப்பையோடு ஏறிப் போனாள். கார்த்திகையில் சொன்னதை ஆனியில் செய்தாள், அவ்வளவுதான். அன்றைக்கு ராக்கன் சோறு வடிக்கவில்லை. மறுநாள் மழைக்கு முந்திரிக்கொட்டையை மூட ஏதாவது வேண்டும் என்று, முதல்முறையாகப் பின்வாசல் வழியே கொல்லைக்குள் இறங்கினான். செம்மலின் பேனர் காற்றில் அறுந்து மரத்தடியில் குப்புறக் கிடந்தது. தூக்கினான். அடியில், அன்று அவர் பிடுங்கி எறிந்த பாசி வேர்கள். அக்கினி நட்சத்திரம் முழுக்க வெயில் கொளுத்தியும் ஈரம் உலராமல், விரல் நீளத்துக்குத் தளிர்விட்டுக் கிடந்தன. இருபதடி பேனர் ஒன்று உருப்படியான காரியத்துக்குப் பயன்பட்டது அந்த வட்டாரத்தில் அதுவே முதல் தடவை.

ராக்கன் முறிந்த காலை நீட்டி உட்கார்ந்து, கைலியைக் கீறிக் கீறி, ஒவ்வொரு வேரையும் ஒரு கல்லோடு சேர்த்துக் கட்டினான். ஒருநாளும் திரும்பிப் பார்க்காதவனுக்கு அவள் விரலில் துணி சுற்றும் விதமும் முடிச்சுப் போடும் விதமும் எப்படித் தெரிந்தன என்று யாரும் கேட்கவில்லை. தினம் உப்புக் கரைத்துத் தெளித்தான். வேலிக்கு அப்பாலிருந்து ஆட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“என்னண்ணே, கல்லுக்குக் கட்டுப் போடுறீங்க? காச்சலா?”

“இல்லப்பா. காலு ஒடஞ்சிருச்சு.”

பௌர்ணமிக்குள் நாற்பத்துமூன்று கல் ஆனது. கைலி துண்டளவாகிவிட்டது. அன்று ஒன்பது நாற்பதுக்கு அவன் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தபோது கடல் வந்தது. நொண்டிக் காலோடு ஓட முடியாது. தண்ணீர் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஏறியது. வின்ச் கயிறு இழுத்த நாளுக்குப் பிறகு முதல்முறையாகக் கடலில் நின்றான். அது அவனை ஒன்றும் செய்யவில்லை.

அதே நேரம் கோட்டைப்பட்டினத்தில் அழகம்மாள் மற்றப் பெண்களோடு மூழ்கி, பாறை பாறையாகக் கஞ்சிப்பாசியைக் கிள்ளிக்கொண்டே போனாள். நடுவில் ஒரு கல்லில் பாசி வேர் நீலக் கட்டம் போட்ட கைலித் துணியால் கட்டப்பட்டிருந்தது. அடுத்த கல்லிலும் அதே துணி. மூச்சு முட்டி எழுந்தபோது எதிரே பனைமட்டை வேலியும் முந்திரி மரமும், துண்டளவு கைலியில் புருஷனும் நின்றிருந்தார்கள். கண்ணாடியைக் கழற்றினாள்.

“இவ்வளவு இறுக்கியா கட்டுவாங்க? பாசிக்கு மூச்சு முட்டாது?”

“இறுக்காட்டி நிக்காதுல்ல.”

“நிக்கும்.” குனிந்து முடிச்சைத் தளர்த்தினாள்.

அவன் கேட்டான்: “செருப்ப எங்க விட்ட?”

“ஜெய்னம்பு அக்கா வீட்டு வாசல்ல.”

அங்கே கரையில் தேடுவார்களே என்று அவன் படியேறிப் போய் ஜெய்னம்புவுக்குப் போன் போட்டான். “அங்கிட்டு வந்துட்டாளா? சரி, சரி,” என்றாள் ஜெய்னம்பு. “செருப்பு கெடக்கு. நாய் தூக்குறதுக்குள்ள வந்து எடுத்துக்கிருங்க தம்பி.”

மறுநாள் ராக்கன் இரண்டு பஸ் மாறி, இனி பார்ப்பதில்லை என்றிருந்த கடற்கரைக்குப் போய்ச் செருப்பை எடுத்து வந்தான். இப்போது மூன்றாவது வருடம். அழகம்மாள் பஸ்ஸில் போகிறாள், தண்ணீரில் வருகிறாள், சில நாள் மாற்றியும் செய்கிறாள். ஊரில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, தக்காளி விலையைப் பேசவே நேரம் போதவில்லை. அவளுக்கு இரண்டு ஜோடி செருப்பு இருக்கிறது. ஒன்று ஜெய்னம்பு வாசலில், ஒன்று பனைமட்டை வேலியோரம். சித்திரை பிறப்பதற்கு முதல் நாள் ராக்கன் பஸ் ஏறிப் போய் ஜெய்னம்பு வாசல் ஜோடியையும் எடுத்து வந்துவிடுகிறான். அடைப்பு முடியும்வரை நாற்பத்தைந்து நாளைக்கு இரண்டு ஜோடியும் ஒரே வாசலில் கிடக்கின்றன.