நெட்டையா, குட்டையா

பனிக்காலணி எடுக்க வந்த ஓடீலிடம் கடைக்காரன் காஸ்பார் முதலில் கேட்டது எடையை. கோட்டு, பூட்ஸ், முதுகுப்பை எல்லாம் சேர்த்து. அவள் சொன்னாள். கணவனின் பெரியப்பா மகனான அவனிடம் எடையைச் சொல்ல இன்று கூச்சம் வரவில்லை.

போன வாரம் முயல் கண்ணிகளைப் பார்க்கக் காட்டுக்குப் போன அவள் கணவன் ரோசேர் திரும்பவில்லை. அதற்கு முன் சில நாள் வெயிலடித்து, பனியின் மேல்தோல் கல்லாக இறுகியிருந்தது. ஆளைத் தாங்கும் என்று நம்பி, பனியில் புதையாமல் நடக்க மாட்டும் அகலமான பனிக்காலணிகளை வாசலிலேயே விட்டுவிட்டு வெறும் பூட்ஸோடு போனான். அன்று பிற்பகலில் புதுப்பனி கொட்டியது. நாளை ஊரார் மறுபடி தேடப் போகிறார்கள், இம்முறை உடலை. பனிக்காலணி இல்லாதவர்கள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"அவனோடதுதான் வீட்டுல இருக்கே?" என்றான் காஸ்பார்.

"அது இவளுக்கு ஓடம் மாதிரி இருக்கும்," என்றபடி காஸ்பாரின் மனைவி லுசெட் கம்பளிக் காலுறைகளை எடுத்து வைத்தாள். "பருத்தி வேண்டாம்டி, நனைஞ்சா விரல் போயிடும். இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட அவனோட நடந்ததில்லையா நீ?"

"அவர் கூப்பிட்டதில்ல."

"ஆம்பளைங்க காட்டுக்குப் போறதே நம்மகிட்டேருந்து தப்பிக்கத்தானே." சொன்ன பிறகு லுசெட் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காஸ்பார் இரண்டு ஜோடிகளைத் தரையில் வைத்தான். "குட்டை புதுசா நடக்கறவங்களுக்கு. வண்டி ஓடி அழுத்தின தடத்துல மட்டும். தடத்தை விட்டு இறங்கினா இடுப்புவரைக்கும் புதைஞ்சு போயிடுவ. நெட்டை புதுப்பனியிலயும் தாங்கும். ஆனா பழகாத காலு பின்னிக்கும்."

"குட்டை போட்டா கண்ணி வரைக்கும் வர முடியாதா?"

"தடத்துல நிக்கலாம். நாங்க உள்ளேருந்து குரல் குடுப்போம்."

ரோசேரைக் கண்டெடுக்கும்போது தான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எல்லோரிடமும் அழுதிருந்தாள். நெட்டையை மாட்டி, கால்களை அகட்டி, அலமாரிகளுக்கு நடுவே நடந்தாள். கால் பின்னவில்லை.

"அடியம்மா, பிறவியிலேயே நடந்தவ மாதிரி!" என்றாள் லுசெட்.

அப்போதுதான் ஓடீலுக்கு அது உறைத்தது. இதைப் போட்டால் போய்விட முடியும். அந்த மரங்களுக்கு நடுவே, அவன் முகம் வரைக்கும். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். இத்தனை நாள் அழுகையில் அவனைப் பார்க்காமலே இருந்துவிடும் இந்த ஆசையும் கலந்திருந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

உட்கார்ந்து வார்களை அவிழ்த்தாள்.

"குட்டையே குடு."

"நல்லாத்தானே நடந்தே?" என்றாள் லுசெட்.

ஓடீல் நெட்டையைத் தள்ளி வைத்தாள். காஸ்பார் குனிந்து, குட்டை ஜோடியின் வார்களை அவள் பூட்ஸுக்கு அளவுபார்க்கத் தொடங்கினான்.