கம்ப்யூட்டருக்கு பாடி கட்டினேன்

வீடு மாற்றும்போது என் தங்கச்சியின் கம்ப்யூட்டர் பெட்டி மாடிப்படியில் உருண்டது. உள்ளே இருந்த சாமான்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளித் தகடுதான் சப்பளிந்து, ஒரு பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதற்கு ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து வைத்து வேலை பார்த்தாள். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் படமாக்கும் வேலை. ஒரு ஸ்டுடியோவில் சம்பளத்துக்கு இருந்தவள், சண்டை போட்டுக்கொண்டு வந்து அப்போதுதான் சொந்தமாக ஆரம்பித்திருந்தாள். கையில் முதல் ஆர்டர்.

நான் பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறையில் தகடு வேலை செய்கிறவன். அந்தச் செங்கல்லைப் பார்க்க எனக்கே மானம் போனது.

“நான் புதுசா ஒண்ணு கட்டித் தரேன்.”

“படம் முடியட்டும்ணே. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பொண்ணு வீட்டுக்காரங்க வாங்க வராங்க.”

“நான் கட்டி வைக்கிறேன். நீ எப்ப சொல்றியோ அப்ப மாத்திக்கலாம்.”

மிஞ்சிய அலுமினியத் தகடுகளை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கினேன். வேலை முடிந்து, கை ஓய்ந்துபோன பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது என்று நின்றுகொண்டேதான் எல்லாம். பெட்டியாக ஆரம்பித்தது, கை போன போக்கில் பஸ்ஸாகிவிட்டது. மூக்கில் கம்பி வலை, அதன் பின்னால் காற்றாடி. பக்கத்தில் கண்ணாடி ஜன்னல்கள். கூரையைத் தூக்கினால் உள்ளே கை விடலாம். முன்னால் இரண்டு விளக்குகள். கம்ப்யூட்டர் ஓடினால் அவை எரியும்படி தங்கச்சியைக் கேட்டு ஒயர் இழுத்தேன். ஓரமெல்லாம் அரம் போட்டு, கன்னத்தில் உரசிப் பார்த்தேன். கீறவில்லை.

ஞாயிறு காலை செங்கல் சரிந்து பழைய காற்றாடியின் இறக்கை உடைந்தது. சூடு தாங்காமல் கம்ப்யூட்டர் தானாக அணைய ஆரம்பித்தது. படத்தில் கடைசிப் பாட்டு மட்டும் பாக்கி.

“சரிண்ணே, இப்பவே மாத்திடு. பழசுல எப்படி இருக்கோ அப்படியே வை,” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

வந்து பொத்தானை அமுக்கினாள். விளக்கு எரியவில்லை. காற்றாடி சுற்றவில்லை. ஒயரை எல்லாம் பிடுங்கிச் சொருகி மறுபடி அமுக்கினாள். பிணம் மாதிரி கிடந்தது.

“மச்சான், எறங்கித் தள்ளணுமா?” என்று தங்கச்சியின் வீட்டுக்காரரான மாப்பிள்ளை கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

தங்கச்சி கூரையைத் தூக்கி உள்ளே குனிந்தாள். “அண்ணே, மதர்போர்டுக்குக் கீழ குட்டி குட்டியா பித்தளைக் கால் இருக்குமே, அது எங்க?”

சட்டைப் பையைத் தட்டினேன். சலசலத்தது. “பத்திரமா இருக்கு. அதை வச்சா போர்டு அந்தரத்துல நிக்குது. இடைவெளி விட்டா கடகடன்னு அடிக்கும். தகட்டோட ஒட்ட வச்சு இறுக்கிட்டேன்.”

“இது எந்த ரோட்டுல ஓடப்போகுது?”

பையிலிருந்து பித்தளைக் கால்களை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

“போர்டுக்கு அடியில பூரா ஈயப்பொட்டுண்ணே. எல்லாத்துலயும் கரண்ட் ஓடும். நீ அதைக் கொண்டுபோய் தகட்டுமேல படுக்க வச்சிருக்க. கருகியிருந்தா படமும் போச்சு, பேரும் போச்சு. அந்த ஸ்டுடியோக்காரன் முன்னாடியே திரும்பப் போய் நிக்கணும்.”

திருகுகளைக் கழற்றினேன். போர்டைத் தூக்கித் திருப்பினோம். மாப்பிள்ளை மூக்கை வைத்து மோந்து பார்த்தார்.

“கருகின வாசனை இல்ல.”

“அடுப்புல பால் தீஞ்சாலே உங்களுக்குத் தெரியாது,” என்றாள் தங்கச்சி.

அதே துளைகளில் பித்தளைக் கால்களை வைத்து, அடியில் நட் போட்டேன். மேலே போர்டை உட்கார்த்தினேன். கீழே விரல் நுழையாத அளவு சந்து. என் கண்ணுக்கு அது இன்னும் அரைகுறை வேலையாகத்தான் தெரிந்தது. இருந்தாலும் திருகை முடுக்கினேன்.

பொத்தானை அமுக்க அவளுக்கும் துணிச்சல் இல்லை, எனக்கும் இல்லை. மாப்பிள்ளைதான் கையை நீட்டினார்.

“ரைட், போலாம்!”

இரண்டு விளக்கும் எரிந்தன. வலைக்குப் பின்னால் காற்றாடி சுற்றி, என் முழங்கையில் காற்று பட்டது. திரையில் படம் விட்ட இடத்திலேயே நின்றது. தங்கச்சி என் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். அப்புறம் அங்கேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் பெண் வீட்டார் வந்தார்கள். நான் பக்கத்து அறையில் வெறுந்தரையில் படுத்திருந்தேன். படம் முழுதும் ஓடியது. கடைசிப் பாட்டில் யாரோ ஒரு அம்மா மூக்கை உறிஞ்சியது கேட்டது.

“இது என்னம்மா பஸ்ஸு?” என்று ஒருவர் கேட்டார்.

“எங்க அண்ணன் கட்டினது,” என்றாள்.

கடகடவென்று எங்காவது அடிக்கிறதா என்று தரையில் காதை வைத்துக் கேட்டேன். இல்லை. அப்படியே தூங்கிவிட்டேன்.