லேண்ட்லைனில் பேசியவன்

புது ஸ்டிக்கர் ஒட்டிய வாரத்திலிருந்துதான் அந்த ஃபோன் வர ஆரம்பித்தது.

அதுவரைக்கும் ரமாபாய் அனுப்பும் சாப்பாட்டு டப்பாவில் பெயர் எதுவும் கிடையாது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் விடிவதற்குள் அடுப்பைப் பற்றவைப்பாள். சோறு, மீன் குழம்பு, பொரியல், ரசம் எல்லாம் தயாரானதும் புருஷன் அறிவு தன் லோடு ஆட்டோவில் ஏற்றி, திருவொற்றியூர் பக்கத்துக் கம்பெனிகளில் இறக்கிவிட்டு வருவான். "நம்ம பேரைப் போட்டா இன்னும் நாலு எடத்துலேர்ந்து கூப்புடுவாங்க" என்று அவன்தான் ஸ்டிக்கர் அடித்து வந்தான். நீலத்தில் 'ரமாபாய் சமையல்', கீழே அவளுடைய செல் நம்பர்.

முதல் தடவை 044 என்று வந்தபோது சந்தோஷமாகத்தான் எடுத்தாள். லேண்ட்லைன் என்றால் ஏதாவது ஆபீஸாக இருக்கும், பெரிய ஆர்டராக வரும்.

"சாப்பாடு ரமாபாயா?" ஆண் குரல்.

"ஆமா சார். எத்தினி சாப்பாடு வோணும்?"

"அது கெடக்கட்டும். இன்னா பேரு இது ரமாபாய்? யாரு வெச்சது?"

"எங்க நைனா வெச்சாரு. அம்பேத்கர் சம்சாரம் பேரு."

"ஓகோ. வூடு எங்க?"

"வியாசர்பாடி."

"வியாசர்பாடில எந்தத் தெரு?"

அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது கேட்டார்கள், துணிக்கடை வேலைக்குப் போனபோதும் கேட்டார்கள். "ஆர்டர் இருந்தா சொல்லுங்க சார்" என்றாள். அந்தப் பக்கம் சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு மதியம் ஆனால் போதும், அதே நம்பர். திருப்பிக் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். யாருடைய நம்பர் என்று காட்டுகிற ஆப்பில் போட்டுப் பார்த்தாள். 'சென்னை' என்று மட்டும் வந்தது.

"இருபத்தஞ்சுல ஆரம்பிக்குது. நம்ம ஏரியாதான்" என்றான் அறிவு. "பிளாக் பண்ணிடு. எவனோ கலீஜ் பய."

"பண்ணிடலாம். நெசமா ஆர்டர் குடுக்கற ஆபீஸா இருந்தா?"

அந்த ஆர்டர் ஆசையில்தான் ஏமாந்தாள். ஒரு நாள் வேறொரு லேண்ட்லைனிலிருந்து மரியாதையாக ஒருத்தன் பேசினான். விம்கோ நகரில் ஒரு வீட்டு விசேஷம், நாற்பது சாப்பாடு, பணம் கையில். அறிவு ஏற்றிக்கொண்டு போனான், ரமாபாயும் கூடவே போனாள். சொன்ன முகவரியில் காம்பவுண்டு சுவரும் சீமைக்கருவேலமும்தான் இருந்தன. விழித்துக்கொண்டு நிற்கும்போதே ஃபோன் வந்தது. இந்த முறை அந்தப் பழைய நம்பர்.

"இன்னா, சாப்பாடு வந்துச்சா? உங்க கை பட்டத எவன் துன்னுவான்? நீங்களே துன்னுங்க."

வீட்டுக்குத் திரும்பி, அவ்வளவு சாப்பாட்டையும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்தாள். சாப்பிட்டவர்கள் எல்லாம் நல்லா இருந்துச்சு என்றார்கள். அது அவள் கோபத்தை இன்னும் ஏற்றிவிட்டது. யாரைத் திட்டுவது? முகம் இருந்தால் காறித் துப்பலாம். இவனுக்கு நம்பர்தானே இருக்கிறது! அன்றைக்கே பிளாக் செய்தாள்.

அடுத்த வாரம் ரெஜினா கூப்பிட்டாள். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீஸில் கணக்குப் பிரிவில் இருப்பவள். முதல் நாளிலிருந்து வாடிக்கை. எப்போதும் தன் செல்லிலிருந்துதான் ஆர்டர் சொல்வாள்.

"ஏன் ரமா ஃபோன எடுக்க மாட்டேங்கிற? காலைல என் செல்லுல சார்ஜ் இல்ல, ஆபீஸ் ஃபோன்லேர்ந்து எத்தனை தடவை அடிச்சேன் தெரியுமா?"

"எந்த நம்பரு அக்கா?"

ரெஜினா சொன்னாள். அதே நம்பர்.

ரமாபாய் எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் ரெஜினா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இங்க எந்த டேபிள்லேர்ந்து பேசினாலும் இந்த ஒரே நம்பர்தான் விழும். யாரு வேணா பேசலாம். ஆனா மதியம் சாப்பிட்டு எல்லாரும் கீழ போயிருவாங்க. மேல ஹால்ல ஒண்ணு ரெண்டு பேர்தான் இருப்பாங்க." கொஞ்சம் தயங்கினாள். "பிளாக்கை எடுத்துரு. சாப்பாடு குடுக்க நீயே வா. எனக்கு வேலை போயிருமோன்னு பயமாத்தான் இருக்கு. ஆனாலும் வா."

இரண்டு நாள் போய்க் காத்திருந்தாள், ஃபோன் வரவில்லை. மறுநாள் மாடிப்படியில் நிற்கும்போது செல் அதிர்ந்தது. ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு எடுத்தாள்.

"இன்னிக்கு இன்னா சமையல்? மாட்டுக் கறியா?"

"சொல்லுங்க சார், உங்களுக்கு வோணுமா?" பேசிக்கொண்டே படியேறினாள்.

"திமிரப் பாரு. மூணு மாசம் எங்கள உன் சோத்தத் துன்ன வெச்சியே, இன்னா ஜாதின்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

கதவைத் தள்ளினாள். அன்றைக்குக் கீழே போகாமல் ரெஜினா தன் சீட்டிலேயே இருந்தாள். ஒரே குரல் செல்லிலும் கேட்டது, ஹாலின் அந்தக் கோடியிலும் கேட்டது. மேஜைமேல் காலை நீட்டி, முதுகைக் காட்டியபடி ஒருவன் ரிசீவரைக் காதில் வைத்திருந்தான். ரமாபாய் அவனுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"திரும்பிப் பார்த்துச் சொல்லு சார்" என்றாள்.

அவன் துள்ளி எழுந்தான், நாற்காலி உருண்டு போய் இடித்தது. அவனை அவளுக்குத் தெரியும். கோதண்டம், ஷிப்பிங் சூப்பர்வைசர். வஞ்சிரக் குழம்பு சூப்பர் என்று அறிவிடம் சொல்லி அனுப்பியவன்.

"சும்மா வெளாட்டுக்கும்மா..."

"எது வெளாட்டு? நாப்பது பேருக்கு ஆக்கி எடுத்துக்கினு வெட்ட வெளில நின்னமே, அதுவா? சோறு போடறதுக்கு முன்ன ஜாதி சொல்லணுமா? துன்னும்போது நாக்கு கேக்கலியே, ஸ்டிக்கரப் பாத்ததும் உனுக்கு வவுறு கேட்டுச்சா?"

கீழே போனவர்கள் எல்லாம் சத்தம் கேட்டு மேலே வந்துவிட்டார்கள். மேனேஜரும் வந்தார். "அம்மா, கொஞ்சம் வெளில போய்ப் பேசலாம். மன்னிப்புக் கேக்கச் சொல்றேன், இதோட விட்ருங்க."

"இவன் இங்க ஒக்காந்துதான பேசுனான்? இங்கயே பேசலாம். மன்னிப்பும் வோணாம் ஒண்ணும் வோணாம். நான் ஸ்டேஷனுக்குப் போறேன்."

ஸ்டேஷனில் இருந்தவர் பேனாவை உருட்டினார். "கம்பெனி நம்பரும்மா. பேசினது அவர்தான்னு எப்படிச் சொல்றது? ரெக்கார்டிங்ல குரல்தான இருக்கு."

"நான் பாத்தேன் சார்" என்றாள் ரெஜினா. பர்மிஷன்கூடக் கேட்காமல் ஆபீஸிலிருந்து கூடவே வந்திருந்தாள். "இவங்க கதவத் தொறந்தப்ப நான் என் சீட்லதான் இருந்தேன். எழுதிக்குங்க."

அன்றைக்கு எழுதிக்கொள்ளவில்லை. மறுநாள் வியாசர்பாடியிலிருந்து பெண்களாக ஒரு வேன் நிறைய வந்து ஸ்டேஷன் வாசலில் நின்ற பிறகுதான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கேஸ் போட்டார்கள். கோதண்டத்தைக் கம்பெனி சஸ்பெண்ட் செய்தது. ரமாபாயிடம் சாப்பாடு வாங்குவதையும் நிறுத்தியது. ரெஜினாவை எண்ணூர் யார்டுக்குத் தூக்கியடித்தது. அங்கே உட்கார ஒழுங்கான நாற்காலிகூட இல்லை, நாளெல்லாம் நிலக்கரித் தூசி.

ரமாபாய் அவளைப் பார்க்க அறிவோடு எண்ணூருக்கே போனாள். "என்னாலதானக்கா உனுக்கு இப்டி ஆச்சு" என்றாள்.

ரெஜினாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உன்னாலயா? பேசினவனையும் மாத்தினவனையும் விட்டுட்டு நீ எதுக்குடி தலையில போட்டுக்கிற? கோர்ட்ல கூப்பிடட்டும், வந்து நிக்கேன்."

திரும்பி வரும்போது எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன, ஆட்டோ நகரவில்லை. ரமாபாய் அழுதாள். அறிவு என்னவோ சொல்ல வாயெடுத்தான்.

"பயந்து அயுவல" என்றாள் அவள். "அவன அறையாம வந்துட்டேன். அத நெனச்சா ஆத்திரமா வர்து."

அறிவு தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினான். அவள் வாங்கிக் குடித்தாள்.