லிமிட் பாடத்தின் நடுவில்

கல்கத்தாவில், பாலிகஞ்சில் ஒரு காலேஜில் நான் ப்ரொஜெக்டர் போடுகிறவன். போடுவது, அணைப்பது, அறையைப் பூட்டுவது. என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஆளை நம்பும் பழக்கம் அதற்கும் முன்னாலேயே நின்றுவிட்டது.

கணக்கு டீச்சர் வசுந்தரா திருநெல்வேலிக்காரி. ஒப்பந்த வேலை. செக்ரட்டரி பாலசுப்பிரமணியன் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷம் உண்டு. அவளுக்கு நெட் பைத்தியம். ஏதோ ஒரு வெப்சைட்டைத் திரையில் போட்டு ஓர் எண்ணை மாற்றுவாள். கோடு பாம்பு மாதிரி நெளியும், பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். சாந்த்ராகாச்சிப் பக்கம் ரயில் தாமதமானால் பாதி வகுப்பு வராது. அவர்களுக்காகத் தன் பாடத்தை வகுப்பிலேயே படம்பிடித்து நெட்டில் ஏற்ற ஆரம்பித்தாள். கேமராவை நிறுத்தி வைத்தது நான்தான்.

“எல்லாத்தையும் ஏத்தாதீங்க மேடம். பாதிய கையில வச்சுக்கோங்க.”

“பதுக்கி வைக்க நான் என்ன மளிகைக்கடையா நடத்துதேன் அண்ணாச்சி? மொத்தப் பாடத்தையும் ஏத்தினா பெர்மனென்ட் பண்ணுதேன்னு செக்ரட்டரி சொல்லியிருக்காரு.”

“சொன்னாரா, எழுதிக் கொடுத்தாரா?”

சிரித்தாள். படித்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்பு.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. லிமிட் பாடம் ஓடிக்கொண்டிருந்தபோது வருண் என்கிற பையன் மழையில் நனைந்து, தாமதமாக வந்தான். பாடம் இங்கிலீஷில் நடத்துவாள், திட்டு மட்டும் வங்காளத்தில். வாசலை நோக்கி விரலை நீட்டினாள். தமிழில் சொன்னால் இதுதான்: “லேட்டா வந்தா உள்ள வராத. வெளியே நின்னு வீடியோல பாரு.”

வகுப்பே சிரித்தது. அவன் ஈரத்தோடு வராந்தாவில் நின்றான்.

“அந்த இடத்தை வெட்டிடுங்க மேடம்” என்றேன்.

“கெடக்கட்டும். மத்தவங்களுக்கும் உறைக்கட்டும்.”

வருஷம் முடிந்தது. அவளுக்குக் கையெழுத்து விழவில்லை. செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டார். கல்கத்தாவிலேயே பிறந்தவர், இங்கத்து வழக்கப்படி அண்ணன் என்பதற்கு ‘தா’ சேர்த்துத்தான் என்னை அழைப்பார்.

“மாணிக்கம்தா, இனிமே கணக்கு கிளாஸ் நீங்கதான். பட்டனை அமுக்கினா போதும். சம்பளம் கேக்காத டீச்சர், லீவு போடாத டீச்சர்.”

“பிள்ளைங்களுக்கு டவுட்டு வந்தா?”

“கமென்ட்ல கேக்கட்டும். திரும்பக் கூப்பிடுவோம்னு நெனச்சுண்டு, அவ இன்னும் ஃப்ரீயா பதில் போட்டுண்டிருக்கா.”

“அவங்க சம்மதிச்சாங்களா?”

“நெட்ல போட்டது ஊர்ச்சொத்து. உங்களுக்கு வேலை வேணுமா, வேண்டாமா?”

வேண்டும்.

ஜூலையில் ஒருநாள் டிரஸ்டிகளைக் கூட்டிவந்து கடைசி பெஞ்சில் உட்காரவைத்து வகுப்பைக் காட்டினார் செக்ரட்டரி. நான் லிமிட் பாடத்தைப் போட்டேன். ஃபெயிலாகிப் போன வருண் அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்திருந்தான். பாடம் பாதி ஓடியபோது வசுந்தரா வாசலில் வந்து நின்றாள். தலையெல்லாம் மழை. ஆபீஸில் அவளைப் பார்க்க மறுத்துவிட்டார்கள்போல. நேரே மாடியேறி வந்திருக்கிறாள்.

“சார், ஒரு நிமிஷம். என் வேலை விஷயமா…”

திரையில் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். ரிமோட் கையில் இருந்தது. செக்ரட்டரி அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்துகிற பட்டனிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிட்டேன்.

திரையில் இருந்தவள் வாசல் பக்கம் திரும்பி விரலை நீட்டினாள்.

“லேட்டா வந்தா உள்ள வராத. வெளியே நின்னு வீடியோல பாரு.”

பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது வருண். டிரஸ்டிகளும் சிரித்தார்கள், சிரிக்க வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டு.

செக்ரட்டரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நீங்களே சொல்லிட்டேளே மேடம். நான் வேற எதுக்கு?”

அவள் என்னைப் பார்த்தாள்.

“அண்ணாச்சி, அத அணைங்க.”

“கதவைச் சாத்துங்கோ மாணிக்கம்தா. வெளிச்சம் வந்து ஸ்கிரீன் தெரியல.”

எழுந்துபோய்ச் சாத்தினேன். தாழ்ப்பாளும் போட்டேன். திரும்பிப் பார்த்தால், திரையில் அவள் அடுத்த கணக்கை ஆரம்பித்திருந்தாள்.