வாயில் வராத பெயர்

புருஷனின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து நவமணி துணியால் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் தேவாலயத்து உபதேசியார் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கினார். அக்கரையில் இருக்கும் நிபோங் திபாலிலிருந்து காலை ரயிலையும் படகையும் பிடித்து ஓடி வந்திருக்கிறார், பாவம். வந்து என்ன? உயிர் போய் இரண்டு மணி நேரமாகிவிட்டது.

அய்யாக்கண்ணு ஒன்பது வருஷம் தேவாலயத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர். ஞானஸ்நானத்துக்கு ஈஸ்டர் என்று நாள் குறித்தாயிற்று. இன்னும் பதினோரு நாள். காய்ச்சலுக்கு அந்தப் பொறுமை இல்லை.

வாசலில் அவருடைய அண்ணன் அர்ஜுனன் மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தார். "உங்க கோயில்ல தண்ணி வாங்காத ஆளு எங்க ஆளுதான் லா. சுடுகாட்டுக்குத்தான் போவணும்."

கல்லறைத் தோட்டத்தில், முன்பே இறந்துபோன மகளுக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. நவமணிக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

"அவரு விசுவாசிச்சாரே, அது பத்தாதா ஐயா?"

"ஆண்டவருக்குப் பத்தும்மா. அவரு பக்கத்துல சிலுவையில தொங்கி பரலோகம் போன கள்ளனுக்கு யாரு தண்ணி ஊத்துனா? ஆனா கல்லறைக்கு ரிஜிஸ்டர்ல பேரு வேணுமே." உபதேசியார் குரலைத் தாழ்த்தினார். "சாகப் போற நேரத்துல யாரு வேணாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். நீ பேரச் சொல்லி ஊத்துனியாம்மா? ஆமான்னு சொல்லு, எழுதிக்கிறேன்."

அவளுக்குத் தெரியாததா? விடியும் நேரத்தில் அவரே கேட்டார், "நீயே ஊத்திடேன் நவமணி." சொம்பைக் கையில் எடுத்தும்விட்டாள். முதலில் பெயரைச் சொல்ல வேண்டும். பிறகு கட்டின புருஷனைப் பார்த்து "உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று ஒருமையில் சொல்ல வேண்டும். பத்தொன்பது வருஷமாக "இந்தாங்க" என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். நாக்கு எழவில்லை. "உபதேசியார் இப்ப வந்துருவாருங்க" என்றாள். அவரும் சரியென்று தலையாட்டினார். அடிப்பாவி, அந்த நேரத்திலா வெட்கம்!

மகள் பக்கத்தில் பொய்யோடு அவரைப் படுக்கவைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"பேரச் சொல்லலீங்க, ஐயா," என்றாள்.

உபதேசியார் பாய்க்குப் பக்கத்தில் மண்டியிட்டார். ஜெபம் செய்தார். போய்விட்டார்.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. பாடை தெருமுனையில் திரும்பும்வரை வாசலில் நின்றுவிட்டு நவமணி உள்ளே வந்தாள். பாய் விரித்தபடியே கிடந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வீட்டில் யாருமில்லை.

"அய்யாக்கண்ணு," என்றாள்.

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தாள். தலைமாட்டில் சொம்புத் தண்ணீர் அப்படியே இருந்தது.