மல்லாந்து படுத்த மத்தியானம்

நாற்பது நாளாகப் பொன்செல்வி படுக்கவே இல்லை. படுத்தால் மூச்சு முட்டியது. சங்கரன்கோவில் வீட்டில் சுவரோடு சாய்ந்தே கண்ணயர்வாள். நெஞ்சுக்குள் விசில் சத்தம் ஓயாது. நுரையீரலில் வந்த புற்றுக்கட்டி இடது பக்க மூச்சுக்குழாயை அடைத்திருந்தது.

“பத்து தடவை கரண்டு வைப்போம்மா. கட்டி சுருங்குனா காத்து போக வழி கிடைக்கும்” என்றார் திருநெல்வேலி டாக்டர் பிரேமலதா.

கதிர்வீச்சைத்தான் எல்லோரும் கரண்டு என்கிறார்கள். அதற்கு மேஜையில் மல்லாந்து படுக்க வேண்டுமே! அளவெடுக்கும் ஸ்கேனில் அரை நிமிஷத்தில் திணறி எழுந்துவிட்டாள்.

“என்னால ஆவாது. வீட்டுக்குப் போவோம்” என்று கணவன் தங்கசாமியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

மெஷின் பார்க்கும் முகம்மது ரியாஸ் விடவில்லை. “இருங்கம்மா, சாய்ஞ்சிருந்தாப் போதும்” என்று முதுகுக்குக் கீழே சரிவாக மெத்தை வைத்து, அப்படியே அளவெடுத்தான்.

மறுவாரம் முதல் கரண்டு. “வெளிய கேமராவில பாத்துக்கிட்டே இருப்பேன். முடியலன்னா கையைத் தூக்குங்க” என்று சொல்லிவிட்டுக் கதவை மூடினான்.

மெஷின் உறுமிக்கொண்டு சுற்றியது. கை தானாக மேலே எழப் பார்த்தது. பள்ளிக்கூடச் சத்துணவில் இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு வடித்த கை. ‘கொதிக்கிற அண்டாவுக்கே பயப்படல, இதுக்கா?’ என்று தொடையோடு அழுத்திக்கொண்டாள். தூக்கவே இல்லை.

ஏழாம் நாள் காலையில் இருமலோடு கெட்டிச் சளி வந்து விழுந்தது. அடுத்த மூச்சு இடது விலாவுக்குள் குளுகுளுவென்று இறங்கியது. திகைத்துப்போய் இன்னொரு மூச்சு இழுத்தாள்.

“ஏங்க, காத்து போவுது!”

அன்றைக்கே மெத்தையை எடுக்கச் சொன்னாள். “அளவை மாத்தக் கூடாதும்மா, இன்னும் மூணு நாள் பொறுங்க” என்று ரியாஸ் சிரித்தான்.

கடைசி நாள் டாக்டர் புது எக்ஸ்ரேயைக் காட்டினார். முன்பு வெள்ளையாய் அடைபட்டுக் கிடந்த இடது பக்கம் காற்று நிறைந்து கறுத்திருந்தது.

“கட்டி முழுசாப் போயிரலம்மா. மருந்து தொடரணும். ஆனா வழி திறந்துட்டு.”

“அது போதும் டாக்டர். மிச்சத்த நான் நின்னு பாத்துக்கிடுதேன்.”

வீட்டுக்கு வந்ததும் பாயை விரித்து மல்லாந்து படுத்தாள். மத்தியானம் கண்ணை மூடியவள் விளக்கு வைக்கும் நேரம்வரை அசையவில்லை. விசில் சத்தமும் இல்லை. பயந்துபோன தங்கசாமி அவள் மூக்கருகே விரலை வைத்தார்.

பொன்செல்வி கண்ணைத் திறந்தாள். “என்ன, போயிட்டேன்னு பாத்தியளா?”

“சத்தத்தையே காணுமேட்டி…” அவர் மெல்ல விரலை எடுத்தார்.

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

“எனக்குப் பசிக்கு. உளுந்தங்களி கிண்டுதேன், போய்க் கருப்பட்டி வாங்கிட்டு வாங்க.”

அவர் தெருமுனை திரும்பும்போது அவள் குரல் மூச்சிரைக்காமல் பின்னாலேயே வந்தது. “நல்லெண்ணெயும் சேத்து!”